சுவரில் இடம் கிடைக்காத பெட்டை மான்கள்

போன மார்ச்சில் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப் போனார். நான் இருப்பது தெற்கு பவேரியாவில் ஒரு சின்ன ஊர், அவர் நாற்பது வருடமாக வேட்டைக்காரர். ஊர் உணவகத்தின் பின்பக்க மண்டபத்தில், அந்த வட்டாரத்தில் ஒரு வருடம் முழுக்கச் சுட்ட மான்களின் மண்டையோடுகளைக் கொம்போடு சின்னச் சின்னப் பலகைகளில் பதித்து வரிசையாக மாட்டியிருந்தார்கள். ஹேகெஷாவ் என்று பேர். ஒவ்வொரு மண்டையோட்டுக்குக் கீழேயும் அதே மானின் கீழ்த்தாடையில் பாதி தொங்கியது. பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து வயதைச் சரிபார்ப்பதற்காம். கூடவே ஒரு சீட்டில் தேதி, எடை, எந்தப் பகுதி என்ற விவரம். ஒரு மூலையில் பித்தளைக் கொம்பு ஊதும் குழு, எல்லார் கையிலும் பீர். நானும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், இரண்டாவது சுற்றில்தான் உறைத்தது, அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒரு பெட்டை கூட இல்லை. கொம்பே இல்லாததை எதற்கு மாட்டுவது?

வேட்டை பாவமா இல்லையா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. கறிக்கடையில் வரிசையில் நிற்கிற எனக்கு அந்தத் தகுதி கிடையாது. எனக்கு உறுத்துவது வேறு: ஐரோப்பாவில் வேட்டை எதற்குத் தேவையோ, அந்த வேலைக்குப் பெருமை கிடையாது. பெருமை எதற்கோ, அந்த வேலை பெரும்பாலும் தேவையில்லாதது.

ரோ மானை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே 'ரே' என்பார்கள். ஆட்டுக்குட்டியை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஜெர்மனியில் மட்டும் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் சுடுகிறார்கள், அப்படியும் காடு முழுக்க அதுதான். நாக்கு நீளம் அதற்கு. புல்லை விட்டுவிட்டு இளம் மரக்கன்றின் நுனி மொட்டை மட்டும் கிள்ளித் தின்னும், அதிலும் வெள்ளி ஃபிர் மரக்கன்று என்றால் உயிர். வெப்பம் ஏற ஏற ஸ்ப்ரூஸ் காடுகள் வண்டு அரித்துச் சாகின்றன, அந்த இடத்தில் வரவேண்டிய ஃபிர்ரும் ஓக்கும் முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை, வேலி போட்டால் ஒழிய. அதனால்தான் பவேரியாவின் வனச் சட்டத்தில் 'காடு முதலில், விலங்கு அப்புறம்' என்ற கொள்கையே இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆட்கள் போய்க் குனிந்து நின்று எத்தனை கன்றின் நுனி கடிபட்டிருக்கிறது என்று எண்ணுகிறார்கள்.

சரி, எண்ணிக்கையைக் குறைக்க யாரைச் சுட வேண்டும்? கடாவை அல்ல. ஒரு கடா போனால் அடுத்த பகுதிக் கடா வந்து அதன் வேலையைப் பார்த்துவிடும். பெட்டையையும் குட்டியையும்தான் சுட வேண்டும், பெட்டை வருடா வருடம் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடுகிறது. இதற்கு ஒரு முறை உண்டு: குட்டியை முதலில், தாயை அப்புறம். தாயை முதலில் சுட்டால் குட்டி அனாதையாகக் குளிரில் சாகும் என்பதற்காக. நியாயமான விதிதான். ஆனால் நவம்பர் சாயங்காலம் பரணில் விறைத்துப் போய் உட்கார்ந்து அந்த விதிப்படி நடக்கிறவரை யாரும் மண்டபத்துக்குக் கூப்பிட்டு பீர் கொடுப்பதில்லை. பெரியவரே சொன்னார், மே மாதம் கடாவுக்கு வேட்டைப் பருவம் திறக்கிற அன்றைக்கு எல்லாப் பரணிலும் ஆள் இருக்குமாம், டிசம்பரில் பெட்டைக்கு ஆள் தேட வேண்டுமாம்.

காட்டுப்பன்றி கதையும் இதேதான். 2019–20 பருவத்தில் ஜெர்மனியில் 8 லட்சத்து 80 ஆயிரம் அளவில் சுட்டார்கள், அதுவரை இல்லாத எண்ணிக்கை. மக்காச்சோளக் கொல்லைக்குள் ஒரு கூட்டம் புகுந்தால் விவசாயிக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியது அந்த நிலத்தில் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர். இந்தப் பக்கம் பன்றியைச் சுட்டால் கறியில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறதா என்று வேறு சோதிக்க வேண்டும், கிலோவுக்கு 600 பெக்கரலைத் தாண்டினால் விற்க முடியாது. செர்னோபில் அணு உலை விபத்து நடந்து இத்தனை வருடம் கழித்தும் அப்படித்தான், மண்ணுக்கடியில் அது தோண்டித் தின்கிற காளான் வழியாக ஏறுகிறது. நடுராத்திரி பன்றிக்காகக் காத்திருக்கிறவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

கோபம் பட்டியல்காரர்கள் மேல். ஐரோப்பாவின் குளம்புள்ள விலங்குகளை ஸ்டாம்ப் சேர்க்கிற மாதிரி சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். செம்மான் ஸ்காட்லாந்தில், ஷாமாய் என்கிற ஆடு மாதிரியான மலை விலங்கு ஆஸ்திரியாவில், எல்க் ஸ்வீடனில், ரெயின்டீர் நார்வேயில் என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு போவார்கள். ஸ்பெயின் மலையாட்டுக்கு அவர்கள் செய்திருப்பதுதான் உச்சம். உயிரியலாளர்கள் கணக்கில் இன்று உயிரோடு இருப்பது இரண்டு கிளையினம், வேட்டைச் சுற்றுலா நடத்துகிறவர்கள் கணக்கில் நான்கு: கிரேதோஸ், பெசெய்தே, ரோண்டா, தென்கிழக்கு. கொம்பின் வளைவில் வித்தியாசம் உண்டு என்பார்கள். நான்கையும் சுட்டால் கிராண்ட் ஸ்லாம்! ஒரே விலங்கை நான்காகப் பிரித்து நான்கு முறை விற்பதற்கு நல்ல பேர்தான். பைரனீஸில் இருந்த இன்னொரு கிளையினத்தின் கடைசிப் பெட்டை 2000 ஜனவரியில் ஒரு மரம் மேலே விழுந்து செத்தது. 2003இல் குளோனிங் செய்து பிறக்க வைத்தார்கள், சில நிமிடம்தான் உயிரோடு இருந்தது.

பட்டியலை நீட்டுவதற்காக வெளியூர் விலங்கைக் கொண்டுவந்து விடுகிற பழக்கமும் பழசு. ஜெர்மனியின் கோர்டே காட்டில் மத்தியதரைத் தீவுகளின் காட்டுச் செம்மறியான மூஃப்லானை விட்டார்கள். அது பாறையில் ஏறித் தப்பிக்கிற ஜாதி, சமவெளியில் பாறைக்கு எங்கே போகும்? நூறு வருடம் கழித்து ஓநாய் திரும்பி வந்ததும் மந்தையே காலி. (குரோயேஷியாவின் பிரியூனி தீவுகளில் 1911 முதல் நம் புள்ளிமான் மேய்கிறது. தெரிந்த நாளிலிருந்து அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறேன்.)

என் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். ஆல்ப்ஸ் மலையின் காட்டு ஆடான ஐபெக்ஸ் இன்று உயிரோடு இருப்பதே ஒரு கொம்புப் பித்தரால்தான். மலை முழுக்க அழிந்து இத்தாலியின் கிரான் பாரதீசோ பக்கம் மட்டும் மிஞ்சியிருந்தபோது, 1856இல் ராஜா இரண்டாம் விட்டோரியோ இமானுவேலே அதைத் தன் சொந்த வேட்டைக்காடாக்கி வேறு யாரும் தொடாமல் காவல் போட்டார். சுவிஸ்காரர்கள் குட்டி கேட்டார்கள், கிடைக்கவில்லை, 1906இல் திருடிக் கடத்தினார்கள். இன்று சுவிஸ் மலையில் ஆயிரக்கணக்கில் நிற்பவை அந்தத் திருட்டுக் குட்டிகளில் தொடங்கிய வம்சம்தான். ஆக, கொம்பு ஆசை ஒரு விலங்கைக் காப்பாற்றியிருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அதே சுவிட்சர்லாந்தில் வாலே மாநிலம் வயதான ஐபெக்ஸ் கடாக்களை வெளிநாட்டவருக்குக் கொம்பின் நீளத்தை அளந்து விலை போட்டு விற்றுக்கொண்டிருந்தது. மக்கள் கத்தினார்கள், 2021இல் நிறுத்தினார்கள். நான் அந்தக் கத்தினவர்கள் பக்கம்.

'வேட்டையையே தடை செய்யலாமே' என்பவர்களுக்கு: ஜெனீவா மாநிலம் 1974இல் வாக்கெடுப்பு நடத்தி அதைச் செய்தது. அங்கே இப்போதும் பன்றி சாகிறது, சுடுவது அரசு ஊழியர். துப்பாக்கி கை மாறியிருக்கிறது, சுவரில் மாட்டுவதற்கு மட்டும் யாரும் இல்லை. எனக்கு அது பரவாயில்லை என்றுதான் படுகிறது. பெரியவருக்குப் படவில்லை, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவரையும் சொல்ல வேண்டும். மே கடைசியில் புல் அறுக்கும் முன் விடியற்காலை நாலு மணிக்கு வெப்பக் கேமரா வைத்த டிரோனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ரோ குட்டிக்கு ஆபத்து வந்தால் ஓடத் தெரியாது, புல்லோடு புல்லாக ஒட்டிப் படுத்துவிடும், அறுவை இயந்திரம் அப்படியே ஏறிவிடும். இந்த வருடம் நானும் போனேன். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி, அந்த இடத்துக்கு நடந்தால் இரண்டு கைக்குள் அடங்குகிற ஒரு புள்ளிக்குட்டி, மூச்சு மட்டும் வேகமாக. மனித வாடை ஒட்டக்கூடாது என்று கையுறைக்கு மேல் இரண்டு பிடி புல்லை வைத்துத் தூக்கி வரப்போரம் பெட்டிக்குள் வைத்துக் கவிழ்த்தார். அன்றைக்கு மட்டும் ஐந்து குட்டி.

செப்டம்பரில் பெட்டைக்கும் குட்டிக்கும் பருவம் திறந்ததும் இதையே சுடுவீர்களா என்று கேட்டேன். "கிடைத்தால்" என்றார், பெட்டியின் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு அடுத்த வயலுக்கு நடந்தார்.