கும்பகோணத்துல உக்காந்துகிட்டு காப்பிரைட் வக்கீலா இருக்க முடியுமான்னு கேக்குறவங்களுக்கு

லா காலேஜ் முடிக்கப்போற பசங்க இன்பாக்ஸ்ல வந்து கேக்குறது பெரும்பாலும் ஒண்ணுதான். "அக்கா, மீடியா லா, ஐபி லான்னு போனா மெட்ராஸ்லயே இருந்தாகணுமா?" (ஐபி லான்னா காப்பிரைட், டிரேட்மார்க், பேட்டன்ட் மாதிரி அறிவுசார் சொத்துச் சட்டம்.) கத்துக்கப் போங்க, நல்ல சீனியர் அங்கதான் கெடைப்பாங்க. ஆனா அங்கயே தங்கினாத்தான் பொழப்புன்னு நெனைக்கிறீங்க பாருங்க, அத நான் ஒத்துக்க மாட்டேன்.

இந்த வேலைன்னாலே எல்லாருக்கும் சினிமாதான் ஞாபகம் வருது. படம் ரிலீஸுக்கு முன்னாடி, ஊரு பேரு தெரியாத பைரசிக்காரன் மேல "அசோக்குமார்"னு ஒரு பேரப் போட்டு ஐகோர்ட்ல தடை வாங்குவாங்க, 2012லேருந்து மெட்ராஸ்ல இது பிரபலம். த்ரில்லுதான், இல்லங்கல. ஆனா அது ரொம்பக் கொஞ்சம் பேருக்குக் கெடைக்கிற வேலை.

நம்ம டெல்டா கோர்ட்டுங்கள்ல பாகப்பிரிவினை, குத்தகை, வாய்க்கால் தகராறு, செக் கேஸ் இதுக்கெல்லாம் வக்கீலுக்குப் பஞ்சமே கெடையாது. ஆனா இந்த மண்ணு விக்கிறதுல பாதி கையும் கலையும் பேரும்தானே? சுவாமிமலை சிலை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம், தஞ்சாவூர் வீணை, கடைசியா 2025ல கும்பகோணம் வெத்தல வரைக்கும் புவிசார் குறியீடு, அதாவது இந்தப் பேரு இந்த ஊரு சரக்குக்குத்தான்னு ஒரு பதிவு, வாங்கியாச்சு. பேப்பர்ல போட்டோ வந்துச்சு, அதோட சரி. பட்டறைல மெழுகு புடிச்சிகிட்டு உக்காந்திருக்குற ஸ்தபதி தன் பேர அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா தனியா பதிவு பண்ணணும், அப்பதான் அந்தக் குறியீட்ட தன் சரக்குல போடுற உரிமையே அவருக்கு வரும், பத்து வருஷத்துக்கு ஒருதடவ புதுப்பிக்கவும் வேணும்னு அவருக்கு யாரு சொல்லியிருக்கா?

எனக்குப் புடிச்ச வேலை திருவையாறு பக்கத்து வேலை. தியாகராஜ சுவாமிகள் சித்தியானது 1847ல. நம்ம சட்டப்படி எழுதினவர் காலத்துக்கப்பறம் 60 வருஷந்தான் காப்பிரைட், அவரு கீர்த்தனைக்கு இன்னிக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனா ஒரு பாட்டு டீச்சர், தன்கிட்ட படிக்கிற புள்ளைங்க பாடினத தானே மொபைல்ல எடுத்து யூடியூப்ல போட்டா, ஏதோ ஒரு கம்பெனி பேருல "இது எங்களோடது"ன்னு கிளெய்ம் வந்து நிக்கிது, ஏன்னா அதே கீர்த்தனைய ஒரு பெரிய வித்வான் பாடின ரெக்கார்டிங் அவங்ககிட்ட இருக்கு, யூடியூப் மெஷின் ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்குது. கீர்த்தனை பொது, ரெக்கார்டிங்தான் கம்பெனியோடது. யூடியூப்லயே டிஸ்ப்யூட், அதாவது மறுப்பு, போட்டா எதிர்தரப்பு 30 நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும். இவங்க என்ன பண்றாங்க, வக்கீல் நோட்டீஸ் வந்துடுமோன்னு பயந்துகிட்டு வீடியோவையே தூக்கிடுறாங்க. இதுக்கு ஐகோர்ட்டா வேணும்? நாலு வரி ஒழுங்கா எழுதத் தெரிஞ்ச ஒரு ஆளு போதும்.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு நாகஸ்வரக்காரர் அக்ரிமென்ட் ஒண்ண நாலா மடிச்சு சட்டப்பைல வச்சு எடுத்துகிட்டு வந்தாரு. முழுக்க இங்கிலீஷ், அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒரு ஆல்பம் ரெக்கார்டிங்குக்கு மொத்தமா ஒரு தொகை, அதுக்கு பதிலா உலகம் பூரா, எக்காலத்துக்கும், இனிமே கண்டுபுடிக்கப்போற மீடியா உட்பட எல்லா உரிமையும் ரெக்கார்டிங் கம்பெனிக்கு. ஏன் இவ்ளோ மெனக்கெட்டு எழுதுறாங்கன்னா, எத்தன வருஷம்னு போடலன்னா சட்டம் அத அஞ்சு வருஷம்னு எடுத்துக்கும், எந்த ஊருன்னு போடலன்னா இந்தியாவோட நின்னுடும், புது மீடியாவ வெளிப்படையா சொல்லலன்னா 2012 திருத்தத்துக்கப்பறம் அது ஒப்பந்தத்துல சேராது. வாசிச்சவருக்கும் ராயல்டி உண்டுன்னு அதே திருத்தத்துல இருக்கு. நல்லவேளை, இவரு இன்னும் கையெழுத்துப் போடல. பாதிப்பேரு போட்டுட்டுத்தான் வர்றாங்க, அதுக்கப்பறம் நான் என்னத்தப் பண்றது சொல்லுங்க.

சரி, காசுக்கு வருவோம். சீனியர்கள் ஜூனியருக்கு மாசம் குறைஞ்சது சென்னை, மதுரை, கோவைன்னா 20,000, மத்த ஊர்ல 15,000 தரணும்னு 2024ல ஐகோர்ட் சொல்லுச்சு. வாங்குறவங்க கை தூக்குங்க பாப்போம்! நமக்கு விளம்பரம் பண்ணவும் அனுமதி இல்ல, பார் கவுன்சில் ரூல் 36 இருக்கு. வாய்வழியா கிளையன்ட் வந்து சேரவே வருஷக்கணக்காகும். என் வீட்டு வாடகைய கட்டுறது கலையும் இல்ல சினிமாவும் இல்ல, டிரேட்மார்க்தான், அதாவது வியாபாரப் பேரையும் லோகோவையும் பதிவு பண்ற வேலை. அரிசி மில்லு, ஸ்வீட் ஸ்டாலு, அப்பளக் கம்பெனி, தனிநபர்னா ஆன்லைன்ல ஒரு கிளாஸுக்கு (சரக்கு வகைக்கு) 4,500 அரசாங்கக் கட்டணம், அதுக்கு மேல நம்ம பீஸு. டிரேட்மார்க் ரிஜிஸ்ட்ரி ஹியரிங்கெல்லாம் வீடியோ கான்பரன்ஸ்தான், மகாமகக் குளத்துப் பக்கம் உக்காந்துகிட்டே முடிச்சிடலாம். (ஹைவே பூரா கும்பகோணம் டிகிரி காபின்னு போர்டு மாட்டிருக்காங்களே, அதுல எத்தன பேரு கும்பகோணத்துக்கு வந்திருப்பாங்களோ, அது தனிப் பஞ்சாயத்து.)

கண்டுபிடிப்புக்கு உரிமை வாங்கித் தர்ற பேட்டன்ட் ஏஜென்ட் ஆகணும்னா மட்டும் சயின்ஸோ இன்ஜினியரிங்கோ ஒரு டிகிரி வேணும், பிஏ பிஎல் பசங்க அந்த ஆசைய இப்பவே விட்டுடுங்க. மத்ததுக்கு ஒரு சீனியர் ஆபீஸ் வேணும், அங்க சேரும்போது சம்பளத்தோட இதையும் கேளுங்க: அக்ரிமென்ட் டிராஃப்ட் பண்ணத் தருவீங்களா, இல்ல வாய்தா வாங்க மட்டுந்தான் அனுப்புவீங்களா?