ஏசாயா 46:4 சொல்வது அதுவல்ல

வாலிபத்தில் தேவனுக்கு உண்மையாக இருந்தவர்களுக்கு முதுமையில் நோயே வராது, வேதாகமத்தில் ஏசாயா 46:4 அதற்கு வாக்குத்தத்தம் என்று ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அந்த வசனத்தில் அப்படி இல்லை.

“நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்” என்பதுதான் அங்கே இருக்கிறது. நன்றாக நடக்கிறவனை யாரும் தாங்க வேண்டியதில்லையே! அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படியுங்கள். பேல், நேபோ என்ற பாபிலோனின் தெய்வச் சிலைகளை மாடுகள் மூச்சுவாங்கச் சுமக்கின்றன. அவை சுமக்கப்படும் தெய்வங்கள், நான் உங்களைச் சுமக்கும் தேவன் என்பதே ஒப்பீடு. காலண்டர் தாளில் ஒரு வரியை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

ஈசாக்குக்கும் யாக்கோபுக்கும் கண் மங்கியது. தாவீதுக்கு எத்தனை துணி போர்த்தியும் சூடு ஏறவில்லை (1 இராஜாக்கள் 1:1). எலிசா வியாதியாய்க் கிடந்தே இறந்தார். இவர்களை எல்லாம் தேவன் கைவிட்டாரா?

அப்புறம், ‘உண்மையாக இருந்தவர்களுக்கு’ என்ற நிபந்தனை. அதுவும் நிற்காது. இயேசுவின் சீடர் பேதுரு, அவரைத் தெரியாது என்று மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டு. யோவான் 21-இல் கரை ஏறியதும் அவர் கண்டது இன்னொரு கரிநெருப்பு. அதன்மேல் மீன், கூடவே அப்பம். இயேசு சாப்பிடக் கூப்பிடுகிறார். பிறகுதான் ‘என்னை நேசிக்கிறாயா’ என்று மூன்று முறை கேள்வி, மூன்று முறையும் தம் மந்தையை, அதாவது தம் மக்களை, ஒப்படைத்தல். அதே மூச்சில், நீ முதிர்வயதாகும்போது வேறொருவன் உன்னை உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்றும் சொல்கிறார் (21:18).

படுக்கையில் இருக்கும் பெரியவர்களும் இதைப் படிப்பார்கள். அந்த வரியைத் திருத்திவிடுங்கள், சகோதரரே.