வாராக்கடனை நீக்கினால் இலாபம் குறையாது, ஒதுக்கு இருந்தால்

“பணம் கட்டாத வாடிக்கையாளர் கணக்கை நீக்கும் நாளில்தான் நட்டம் எழுதணும்” என்று சிலர் சொல்வது, ஒதுக்கு வைக்காத இடத்துக்குத்தான் பொருந்தும். ஐயக்கடன் ஒதுக்கு (வராமல் போகலாம் என்று முன்கூட்டியே கணித்து ஒதுக்கிய தொகை) வைத்திருந்தால், செலவு அந்த ஒதுக்கை உருவாக்கியபோதே இலாப நட்டக் கணக்குக்குப் போய்விட்டது.

கடனாளிகள் (வாடிக்கையாளர்கள் தரவேண்டியது) 5,00,000, ஒதுக்கு 30,000, நிகரம் 4,70,000 என்று வையுங்கள். 8,000 வராது என்று உறுதியானால் ஒதுக்குக்குப் பற்று, கடனாளிக்கு வரவு; இரண்டிலும் 8,000 குறையும். இப்போது கடனாளிகள் 4,92,000, ஒதுக்கு 22,000. நிகரம் அதே 4,70,000. இதை மறுபடி செலவில் போட்டால் ஒரே நட்டம் இரண்டு முறை ஏறும். தணிக்கையில் அடிக்கடி பிடிபடும் தவறு இது.

ஆண்டிறுதியில் 28,000 ஒதுக்கு தேவையென்றால், பற்றாக்குறை 6,000 மட்டுமே புதிய செலவு. நீக்கிய ஆள் பின்னால் பணம் கட்டினால், முதலில் நீக்கிய பதிவைத் திருப்புங்கள், பிறகு ரொக்கம் வந்த பதிவை எழுதுங்கள். அப்போதுதான் அவர் கட்டிய விவரம் அவர் கணக்கிலேயே நிற்கும்.