டிஜிலாக்கரில் உள்ள ஓட்டுநர் உரிமம் செல்லும்

"செல்போனில் காட்டும் ஓட்டுநர் உரிமமும் ஆர்சியும் (வாகனப் பதிவுச் சான்றும்) இனிச் செல்லாது; அசல் அட்டை இல்லாவிட்டால் அபராதம்" என்று வாட்ஸ்அப்பில் பரவிவரும் தகவல் தவறானது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 139-ஆம் விதி 2018 நவம்பரில் திருத்தப்பட்டபோதே, இந்த ஆவணங்களை நேரடியாகவோ மின்னணு வடிவிலோ காட்டலாம் என்பது சட்டமாகிவிட்டது. அதற்கு முன்பே, அதே ஆண்டு ஆகஸ்டில், ஆவணங்களைச் செல்போனில் வைத்துக்கொள்ள உதவும் அரசுச் செயலிகளான டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆகியவற்றில் உள்ளவற்றை அசலுக்கு இணையாக ஏற்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருந்தது.

குழப்பம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அட்டையைப் படம் பிடித்து கேலரியில் வைத்திருப்பதும், அந்தப் படத்தை டிஜிலாக்கரில் நாமே பதிவேற்றுவதும் இந்தத் தகுதியைப் பெறாது. டிஜிலாக்கரைப் பொறுத்தவரை, உரிம எண்ணைக் கொடுத்து, போக்குவரத்துத் துறையின் பதிவேட்டிலிருந்து நேரடியாகப் பெற்று, 'வழங்கப்பட்ட ஆவணங்கள்' பகுதியில் வந்து சேர்வதே செல்லுபடியாகும். உங்கள் உரிமம் அந்தப் பகுதியில் இருக்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள்.

திருத்த அறிவிக்கையை அமைச்சகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அலுவலகப் படியேறும் அலைச்சலைக் குறைக்கவே வந்த இவ்வசதியை மக்கள் அஞ்சி ஒதுக்குவது வருத்தமளிக்கிறது. அருள்கூர்ந்து அந்தத் தகவலை மேலும் பகிராதீர்கள்; அனுப்பியவருக்கும் இதைத் தெரிவியுங்கள்.