அது பொம்மை நேவி இல்லை

நேற்று ராத்திரி டிவியில் ஆப்பிரிக்கக் கடற்கொள்ளை பற்றி வந்த அந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். கிளிப்பை இங்கே பகிர மாட்டேன். கோபத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்ததையும் கொஞ்ச நேரத்தில் எடுத்துவிட்டேன். "ஆப்பிரிக்காக்காரன்கிட்ட நேவின்னு ஒண்ணு இருக்கா? எல்லாம் பொம்மை. நம்ம கப்பல் போனாத்தான் உண்டு" என்று ஒருவர் சொன்னார். கூட உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பத்தொன்பது வருஷம் கப்பலில் இருந்தவன் நான். கடைசி ஏழு வருஷம் போசன், அதாவது டெக் மாலுமிகளுக்குத் தலைவன். மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களான லாகோஸ், தேமா, லோமே எல்லாம் நான் ஆங்கர் போட்டுக் கிடந்த இடங்கள். அதனால் சொல்கிறேன்: அது பொம்மை நேவி இல்லை.

2020-ல் உலகம் முழுக்கக் கப்பல்களிலிருந்து கடத்தப்பட்ட மாலுமிகள் 135 பேர். அதில் 130 பேர் மேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய கினி வளைகுடாவில். 2022-ல் அதே வளைகுடாவில் கடத்தப்பட்டவர்கள் 2 பேர். சர்வதேசக் கடல்சார் பணியகத்தின் கணக்கு இது. 130 எப்படி 2 ஆனது என்று அந்த மேஜையில் ஒருவராவது கேட்டாரா?

அந்த வளைகுடாவில் இருக்கிற டோகோவின் கடற்கரை மொத்தமே 56 கிலோமீட்டர். ஏறக்குறைய தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு போகிற தூரம். பன்னிரண்டு நாட் (மணிக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர்) வேகத்தில் போகிற கப்பல் மூன்று மணி நேரத்துக்குள் தாண்டிவிடும். முன்பெல்லாம் கொள்ளைக்காரன் கப்பலைப் பிடித்து அடுத்த நாட்டுக் கடலுக்குள் நுழைந்துவிட்டால் போதும், துரத்தி வந்தவன் எல்லையிலேயே நின்றுவிடுவான். இதை மாற்றத்தான் 2013 ஜூனில் கேமரூனின் யாவுண்டேயில் மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் 25 கூடி ஒரு நடத்தை விதியில் கையெழுத்துப் போட்டன. மேற்குக்கு அபிட்ஜானில் ஒரு மையம், நடுப்பகுதிக்குக் காங்கோவில் ஒரு மையம், இரண்டையும் இணைக்க யாவுண்டேயில் ஒன்று. ஒரு நாட்டின் கடலில் கப்பல் காணாமல் போனால் பக்கத்து நாட்டுக்காரனுக்கு உடனே தகவல் போக வேண்டும்.

தகவல் போனது. 2016 பிப்ரவரியில் மேக்ஸிமஸ் என்கிற எண்ணெய்க் கப்பலை ஐவரி கோஸ்டுக்கு வெளியே கொள்ளையர் கடத்தினார்கள். கானா பார்த்தது, டோகோ பார்த்தது, தகவலைக் கைமாற்றிக்கொண்டே போனார்கள். கடைசியில் கப்பல் சாவோ தோமேயின் கடலுக்குள் போய்விட்டது. அந்தச் சின்னத் தீவு நாடு சம்மதம் கொடுத்தது, நைஜீரியக் கடற்படை ஏறிக் கப்பலை மீட்டது. 2020 மே மாதம் ஹாய் லு ஃபெங் 11 என்ற சீன மீன்பிடிக் கப்பலையும் அதே ஐவரி கோஸ்டுப் பக்கம் கொள்ளையர் பிடித்தார்கள். அதில் இருந்த 18 பேரையும் மீட்டது நைஜீரியக் கடற்படைதான். அடுத்த வருஷம் லாகோஸ் நீதிமன்றம் பத்துக் கொள்ளையருக்கு ஆளுக்குப் 12 வருஷம் சிறை கொடுத்தது. கடற்கொள்ளையைத் தண்டிக்கிற சட்டத்தையே நைஜீரியாவில் 2019-ல்தான் கொண்டுவந்தார்கள். அது இல்லாமல் பிடித்துக்கொண்டு வந்து என்ன பண்ணுவது?

பக்கத்து நாட்டுக்காரன் போனை எடுத்தால்தான் கப்பல் திரும்பி வரும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கொள்ளையர் ஏறாமல் இருக்க ரெயிலிங் முழுக்க ரேஸர் வயர், அதாவது பிளேடு மாதிரி முள் வைத்த கம்பி, கட்டுவது போசன் வேலை. எத்தனை கையுறை போட்டாலும் கிழித்துவிடும், வலது உள்ளங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஒரு ராத்திரி பெனினுக்கு வெளியே விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு மிதந்துகொண்டிருந்தோம். வேகமாக ஒரு படகு நேராக எங்களைப் பார்த்து வருவது ரேடாரில் தெரிந்தது. அலாரம். கேப்டனைத் தவிர எல்லோரும் ஸ்டியரிங் ரூமுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டோம். பக்கத்தில் தேமாக்காரன் கோஃபி, எங்கள் கப்பல் மாலுமி. என் மணிக்கட்டைப் பிடித்தவன் விடவே இல்லை. மேலே விஎச்எஃப் ரேடியோவில் பெனின் நேவியின் குரல் வந்ததாம்: உங்களைப் பார்த்துவிட்டோம், வந்துகொண்டிருக்கிறோம். படகு திரும்பிப் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. அந்தக் குரலைத்தான் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு பொம்மை என்கிறார்கள்.

வெளிநாட்டுப் போர்க்கப்பல்களும் இருந்தன என்பீர்கள். இருந்தன, டென்மார்க் வந்தது, இத்தாலி வந்தது. வந்தார்கள், போனார்கள். கரையில் இருப்பவன் எங்கே போவான்? நம் ஐஎன்எஸ் கொல்கத்தா 2024 மார்ச்சில் சோமாலியக் கொள்ளையர் கடத்திய ரூயென் கப்பலின் 17 பேரை மீட்டு 35 கொள்ளையரைப் பிடித்தபோது நான் தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். பெருமையில் குறை இல்லை. ஆனால் அதற்குப் பல வருஷம் முன்பே பிடிபட்ட சோமாலியக் கொள்ளையரை வாங்கி, விசாரித்து, சிறையில் போட்டவர்கள் கென்யாவும், அப்போது லட்சம் பேர்கூட முழுசாக இல்லாத சீஷெல்ஸும்தான்.

ஹீரோயிக் ஐடுன் கப்பலை மறந்துவிட்டாயா என்று சிலர் கேட்பீர்கள். மறக்கவில்லை. 2022 ஆகஸ்டில் ராத்திரி வந்த நைஜீரிய நேவிப் படகைக் கொள்ளைக்காரன் என்று நினைத்து ஓடிய கப்பல். ஈக்குவடோரியல் கினி பிடித்து வைத்தது, நவம்பரில் நைஜீரியாவிடம் கொடுத்தது. 26 பேர், அதில் 16 இந்தியர். வெளியே வர அடுத்த மே ஆகிவிட்டது. நான் புகழ்கிற அதே ஒத்துழைப்புத்தான் அவர்களைப் பிடித்தது. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் அந்த விவாதத்துக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தாரே, "லட்சத்துல சம்பளம் வாங்குறான், ரிஸ்க் எடுக்கட்டும்" என்று, அதற்குப் பதில் இருக்கிறது. நான் கப்பலில் இருந்தபோது பதினொரு நாள் போன் வராமல், என்ன ஆனதென்று கேட்க என் மனைவி ஒரு அலுவலகத்துக்குப் போனாள். கைக்குழந்தையோடு காலையிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்து, "கப்பல்காரன் பொண்டாட்டிதானே, காசுக்கென்ன கவலை" என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு மாசம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். உங்கள் அரிசி, பெட்ரோல், கையில் இருக்கிற இந்தப் போன் எல்லாம் எதில் வருகிறது? எங்களைக் கொஞ்சம் மனுஷனாகப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

சரி. இன்று காலை கோஃபியிடமிருந்து மெசேஜ். நான் நீக்குவதற்குள் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டான் போல. தமிழ் புரியாது, திரையில் இருந்த வரைபடம் புரிந்திருக்கிறது. "எங்கள் கடலைப் பற்றி உங்கள் டிவியில் பேசியிருக்கிறார்களே, என்ன சொன்னார்கள்?" என்று கேட்டிருக்கிறான்.

இன்னும் பதில் போடவில்லை.