பிளஸ் டூ முடிச்சு ரெண்டே வருஷத்துல நுரையீரல் டாக்டரா? அந்த மெசேஜ் பொய்ங்க

குன்னூர், கோத்தகிரி குரூப் எல்லாத்துலயும் ரெண்டு நாளா ஒரு மெசேஜ் சுத்துது, பிளஸ் டூக்கு அப்புறம் நீட் இல்லாம 2 வருஷ கோர்ஸ் படிச்சா நுரையீரல் ஸ்பெஷலிஸ்ட், மாசம் 5 லட்சம் கேரண்டின்னு, கீழ சிவப்பு எழுத்துல "கடைசி தேதி நாளை" வேற (அந்த நாளை வரவே மாட்டேங்குது).

அப்படி எதுவும் இல்லைங்க. நீட் எழுதி எம்பிபிஎஸ், பயிற்சியோட சேர்த்து அஞ்சரை வருஷம், அப்புறம் நீட் பிஜி எழுதி சுவாச மருத்துவத்துல எம்.டி 3 வருஷம், ஆக எட்டரை வருஷம், அதுக்கு மேல டி.எம்ங்கற உயர் சிறப்புப் படிப்பு படிச்சா இன்னும் 3. டிடிசிடின்னு காசநோய், நெஞ்சு நோய்க்கு 2 வருஷ டிப்ளமோ இருந்தது உண்மைதான், ஆனா அதுவும் எம்பிபிஎஸ் முடிச்சவங்களுக்கு. ரெஸ்பிரேட்டரி தெரபி, அதாவது மூச்சு சிகிச்சையில டாக்டருக்கு உதவுறவங்களுக்கான படிப்பு, நல்லதுதான், ஆனா அது டாக்டர் படிப்பு இல்ல.

சம்பளத்துக்கு யாரும் கேரண்டி தர முடியாது, எம்.டி படிக்கிறப்ப உதவித்தொகை மட்டும்தான், அப்புறம் அரசு வேலைன்னா அரசு சம்பளம், தனியார்னா ஊரையும் அனுபவத்தையும் பொறுத்தது.

தேசிய மருத்துவ ஆணைய வெப்சைட்ல எந்த காலேஜ், எந்த படிப்புன்னு பாக்கலாம், நம்ம ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியிலயே நேர்ல கேக்கலாம். அட்வான்ஸ் கட்டிடாதீங்க, ஃபார்வர்டும் பண்ணாதீங்க ப்ளீஸ்.