மூன்றாவது செட்டைத் திருப்பிக் கொடுங்கள்

2015 விம்பிள்டன் மகளிர் இரட்டையர் இறுதிப் போட்டி. மூன்றாவது செட்டில் சானியா மிர்சாவும் மார்ட்டினா ஹிங்கிஸும் 2-5 என்று பின்தங்கி நிற்கிறார்கள். எதிரே மகரோவா, வெஸ்னினா. டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில் ஏற்கெனவே இரண்டை வென்ற ரஷ்ய ஜோடி. இரண்டு கேம் வித்தியாசத்தோடு ஆறு கேம் எடுத்தால் செட்; இன்னும் ஒரே ஒரு கேம் போதும் அவர்களுக்கு. அங்கிருந்து 5-5 ஆகிறது. இருட்டத் தொடங்கியதும் ஆட்டத்தை நிறுத்திக் கூரையை மூடுகிறார்கள். திரும்பி வந்து 7-5 என்று முடிக்கிறது சானியா ஜோடி. மகளிர் இரட்டையரில் ஓர் இந்தியப் பெண் வென்ற முதல் கிராண்ட்ஸ்லாம் அது.

இதே ஆட்டம் மகளிர் டென்னிஸ் சங்கத்தின் ஆண்டிறுதிப் போட்டியான டபிள்யூடிஏ பைனல்ஸில் நடந்திருந்தால் அந்த 2-5 வந்திருக்கவே வழியில்லை. ஆண்டு முழுக்க ஆடி, புள்ளிகள் சேர்த்து, உலகின் தலைசிறந்த எட்டு ஜோடிகள் மட்டும் வந்து சேரும் போட்டி அது. ஆனால் அங்கே ஆளுக்கொரு செட் எடுத்துவிட்டால் மூன்றாவது செட் கிடையாது. சூப்பர் டை-பிரேக்தான். இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு முதலில் பத்தை எட்டுபவருக்குக் கோப்பை. கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த விதியை மாற்ற வேண்டும், குறைந்தபட்சம் பைனல்ஸிலாவது மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2022ஐப் பாருங்கள். செக் ஜோடி கிரெய்சிகோவாவும் சினியகோவாவும் ஆஸ்திரேலிய ஓபன், விம்பிள்டன், யுஎஸ் ஓபன் மூன்றையும் வென்ற ஆண்டு. கொரோனா தொற்றால் விலகிய பிரெஞ்சு ஓபன் மட்டும்தான் பாக்கி. அந்த ஆண்டு அவர்களை எந்த கிராண்ட்ஸ்லாமிலும் யாராலும் தோற்கடிக்க முடியவில்லை. ஃபோர்ட் வொர்த்தில் நடந்த டபிள்யூடிஏ பைனல்ஸ் இறுதியில் குதெர்மெதோவா, மெர்டன்ஸ் ஜோடியிடம் 2-6, 6-4, 9-11 என்று தோற்றார்கள். வென்றவர்களைக் குறை சொல்லவில்லை, இருக்கிற விதிப்படி நன்றாகவே ஆடினார்கள். ஆனால் அந்த 9-11 என்பது வெறும் இருபது புள்ளிகள். அதில் ஒருவர் கைக்கு வருவது நாலிலிருந்து ஆறு சர்வ். ஓர் ஆண்டின் கடைசி பெரிய கேள்விக்கு இவ்வளவுதானா விடை?

இரட்டையர் ஆட்டத்தின் அழகே எதிராளியைப் படித்துக்கொண்டே போவதில்தான் இருக்கிறது. வலைக்கருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுவார்: குறுக்கே பாயப்போகிறேனா, இங்கேயே நிற்பேனா என்று. ரிட்டர்ன் ஆடுகிறவர் இரண்டு மூன்று கேம்களில் அதை மோப்பம் பிடித்துவிடுவார், பந்தைக் கோட்டோரமாக அடித்துக் காட்டுவார். உடனே இவர்கள் இடத்தை மாற்றுவார்கள். அது எடுபடவில்லை என்றால் இருவருமே பின்னால் போய்விடுவார்கள், அல்லது தலைக்கு மேலே பந்தைத் தூக்கி அடித்து (லாப்) எதிரணியைப் பின்னுக்குத் துரத்துவார்கள். ஒரு முழு செட்டில் நான்கு பேரும் குறைந்தது ஒரு முழு கேமாவது சர்வ் செய்தாக வேண்டும். யாருடைய சர்வ் பலவீனமோ அது வெளிப்பட்டே தீரும். அதை அந்த ஜோடி எப்படி மூடிக் காப்பாற்றுகிறது என்று பார்ப்பதில்தான் எனக்குப் பாதி சந்தோஷம். சூப்பர் டை-பிரேக்கில் இதெல்லாம் தொடங்குவதற்குள் கைகுலுக்கிவிடுகிறார்கள்.

ஒரு கேம் 40-40 என்று சமமானதும், இரண்டு புள்ளி முன்னிலைக்குக் காத்திராமல் ஒரே புள்ளியில் அதை முடிக்கும் விதியும் இருக்கிறது. அதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. எந்தப் பக்கம் ரிட்டர்ன் ஆடுவது என்று சர்வை எதிர்கொள்ளும் அணியே தேர்ந்தெடுப்பதில் ஒரு விறுவிறுப்பு உண்டு. அது இருக்கட்டும்.

நேரமில்லை என்பார்கள். பைனல்ஸில் லீக் சுற்று நாட்களில் வழக்கமாக இரண்டு ஒற்றையர், இரண்டு இரட்டையர் ஆட்டங்கள்தான். ஒரு செட் கூடுதலாக ஆட அங்கே இடமில்லையா? ஒற்றையர் நட்சத்திரங்களை இழுக்கத்தான் ஆட்டத்தைச் சுருக்கினோம் என்பது இன்னொரு வாதம். வாராந்திரப் போட்டிகளில் அதை ஒப்புக்கொள்கிறேன். நாளை காலை ஒற்றையர் ஆட வேண்டியவர் இன்று இரவு மூன்று மணி நேரம் இரட்டையர் ஆட மாட்டார். ஆனால் பைனல்ஸுக்குத் தகுதி பெறும் ஜோடிகளில் பெரும்பாலானவர்கள் இரட்டையரையே தொழிலாகக் கொண்டவர்கள். அவர்களை யார் ஆசைகாட்டி அழைக்க வேண்டும்?

2025 யுஎஸ் ஓபன் கலப்பு இரட்டையரில் நடந்ததும் நினைவுக்கு வருகிறது. ஒற்றையர் நட்சத்திரங்களை முன்னிறுத்தி, இறுதிக்கு முந்தைய சுற்றுகளை நான்கு கேம் செட்களாகச் சுருக்கி, பத்து லட்சம் டாலர் பரிசு வைத்தார்கள். கடைசியில் ஷ்வியான்டெக், ரூட் ஜோடியை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியவர்கள் சாரா எர்ரானியும் வாவசோரியும். இரட்டையர் ஆட்டத்தில் ஊறிய இருவர். எர்ரானிதான் பவோலினியோடு 2024 ஒலிம்பிக் தங்கமும் 2025 பிரெஞ்சு ஓபனும் வென்றவர். அரங்கம் நிறைந்திருந்தது. நல்ல நேரமும் நல்ல அரங்கமும் கொடுத்தால் பார்க்க ஆள் வரும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 விம்பிள்டனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 30 லட்சம் பவுண்டு. மகளிர் இரட்டையர் சாம்பியன்களுக்கு, இரண்டு பேருக்கும் சேர்த்து, 6 லட்சத்து 80 ஆயிரம். ஆளுக்கு ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. இதைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் ஆகும், பெரிய பேரங்கள் நடக்க வேண்டும். மூன்றாவது செட்டுக்கு அப்படி எதுவும் தேவையில்லை, விதியில் ஒரு வரி மாறினால் போதும்.

டபிள்யூடிஏ பைனல்ஸ் இரட்டையர் கோப்பைக்கு மார்ட்டினா நவ்ரதிலோவாவின் பெயர். பாம் ஷ்ரைவரோடு சேர்ந்து 109 ஆட்டங்களைத் தொடர்ச்சியாக வென்றவர் அவர். அந்தத் தொடரை 1985 விம்பிள்டன் இறுதியில் கேத்தி ஜோர்டனும் லிஸ் ஸ்மைலியும் முடித்துவைத்தார்கள், மூன்று முழு செட்கள் ஆடி. அவர் பெயரில் கோப்பை கொடுக்கும் போட்டியில் அடுத்த ஆண்டே இறுதி ஆட்டத்துக்கு மட்டுமாவது இதைத் தொடங்கலாம். லீக் சுற்று பிறகு வரட்டும்.